அம்லோடிபின், டெல்மிசார்டன்: காலில் தெரியும் தொந்தரவும் ரத்தத்தில் தெரியும் தொந்தரவும்

பி.பி. இருக்கிறது என்று உறுதியானதும் டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்: அம்லோடிபின் 5 மி.கி. அல்லது டெல்மிசார்டன் 40 மி.கி. இரண்டும் தினம் ஒரு வேளை. அழுத்தத்தைக் குறைப்பதில் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. பக்க விளைவில்தான் வேறுபாடு. அம்லோடிபினுடையது கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் ஆபத்தில்லை. டெல்மிசார்டனில் கவனிக்க வேண்டியது வெளியே தெரியாது. பலர் முன்னதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள். பின்னதை ஒரு முறைகூடப் பரிசோதிப்பதில்லை.

மும்பையில் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை லோக்கல் ரயிலில் நின்றபடியே போய்வருகிறவருக்கு, அம்லோடிபின் தொடங்கிய சில வாரங்களில் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். கணுக்காலுக்கு மேல், எலும்பின் மீது கட்டை விரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் அது நீர் வீக்கம். 5 மி.கி.யில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கும், 10 மி.கி.யில் சுமார் 10 பேருக்கும் வரும். பெண்களுக்குக் கூடுதல்.

காரணம் இதுதான்: இந்த மருந்து நுண்குழாய்களுக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளை விரிக்கிறது, வெளியேறும் சிறு சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி நீர் திசுவில் கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் அல்ல. அதனால் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்தாலும் பெரிதாக வடியாது. பொட்டாசியம் குறைவது, தலைசுற்றல் என்று புதுத் தொந்தரவுதான் சேரும். டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: 10-ஐ 5 ஆக்கி, கூடவே டெல்மிசார்டன் சேர்க்கலாமா? அது சிரைப் பக்கத்தையும் விரிப்பதால் வீக்கம் குறையும். அதே வகையைச் சேர்ந்த சில்னிடிபின் மாத்திரைக்கு மாறுவது இன்னொரு வழி. அம்லோடிபின் உடம்பை விட்டுப் போக நாளாகும் என்பதால், அளவைக் குறைத்த மறுநாளே கால் வற்றிவிடாது. ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். முகம் சிவப்பது, படபடப்பு, தலைவலி எல்லாம் ஆரம்பத்தில் வந்து பொதுவாகத் தணிந்துவிடும். ஈறு தடித்தால் பல் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

ஒற்றைக் கால் மட்டும் வலியோடு வீங்கினால், அல்லது படுத்தால் மூச்சு முட்டினால், பழியை மாத்திரையின் மேல் போட்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டெல்மிசார்டனில் பொதுவாகக் கால் வீங்காது. ராமிப்ரில், எனாலப்ரில் போன்ற வேறு பி.பி. மாத்திரைகள் தரும் வறட்டு இருமலும் அரிது. அந்த நிம்மதியில்தான் பரிசோதனை தள்ளிப்போகிறது. தொடங்கிய 2 முதல் 4 வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். மாத்திரை அளவைக் கூட்டினால் மறுபடியும். கிரியேட்டினின் பழைய அளவைவிட 30 சதவீதத்துக்குள் ஏறினால் பொதுவாகத் தொடரலாம். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அந்தப் பாக்கெட் வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் எப்போதோ ஒரு இளநீர் குடிப்பதில் தவறில்லை. சிறுநீரகம் பழுதானவர் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரூஃபெனும்தான் பெரிய எதிரி. டெல்மிசார்டனோடு சிறுநீர் மாத்திரையும் போகும்போது இவை சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென முடங்கலாம். மழைக்காலத்தில் வாந்தி பேதி வந்தால், டெல்மிசார்டனை ஓரிரு நாள் நிறுத்தி வைக்கலாமா என்று அன்றே கேளுங்கள்.

மும்பை ஈரத்துக்கு இன்னொன்று: டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமையே பிரித்து வாரப்பெட்டியில் அடுக்கினால் மாத்திரை பிசுபிசுத்து உதிரும். விழுங்கும் நேரத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்து, சிறுநீரில் புரதமும் போகிறவருக்கு டெல்மிசார்டன்தான் முதல் தேர்வு. ரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காக வரமாட்டார் என்று தெரிந்தால் அம்லோடிபினே பாதுகாப்பு. கர்ப்பிணிக்கு டெல்மிசார்டன் கூடவே கூடாது, கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.