ஏழு ஆண்டுகளாகக் கைவிடாத மடக்குத் திருகி

வீட்டில் ஒயின் வைத்துக்கொள்ளத் தொடங்கிய புதிதில், இரண்டு பக்கமும் இறக்கை விரியும் தக்கைத் திறப்பான் ஒன்றை வாங்கினேன். பார்ப்பதற்கு உறுதியாக இருந்தது. ஆனால் அதன் திருகில் நடுத்தண்டு இருந்தது. அது தக்கையைப் பற்றவில்லை, துருவியது. கிண்ணத்தில் தூள் மிதக்கும். ஓராண்டிலேயே அதை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து வந்தது உணவகப் பணியாளர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகி. 1882-இல் கார்ல் வீன்கே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. என்னிடம் இருப்பது இரண்டு படி நெம்புகோல் கொண்டது. முதல் படியில் தக்கை பாதி எழும். இரண்டாவதில் வளையாமல் நேராக வெளியே வந்துவிடும். வாங்கும்போது திருகுக் கம்பியின் நடுவே பாருங்கள்: ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருக்க வேண்டும். ஐந்து சுற்றுகளாவது இருந்தால் நீளமான தக்கைக்கும் போதும். புட்டியின் வாயைச் சுற்றியுள்ள உறையை அறுக்க அதிலேயே சிறு கத்தி இருக்கிறது, தனிக் கருவி வீண்.

மிச்சத்தைக் காப்பதில்தான் அதிகம் தடுமாறினேன். எங்கள் வீட்டில் 750 மி.லி. ஒரே வேளையில் தீராது. காற்றை உறிஞ்சும் கைப்பம்பை மூன்று ஆண்டுகள் நம்பியிருந்தேன். ரப்பர் அடைப்பான்கள் நாளடைவில் தளர்ந்துவிட்டன. இரவு இறுக்கமாக இருந்தது காலையில் தொட்டதும் கழன்று வரும். நுரைக்கும் ஒயினுக்கு அந்தப் பம்பு கூடவே கூடாது, கரைந்திருக்கும் வாயுவையும் சேர்த்து இழுத்துவிடும். அதற்குப் புட்டியின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் மூடிதான் சரி.

இப்போது புட்டியைத் திறந்த உடனே, கிண்ணத்தில் ஊற்றுவதற்கும் முன்பாக, பாதியை 375 மி.லி. புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, திருகு மூடியால் இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. நான்கு நாள் கழித்தும் பழ மணம் அப்படியே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்த பொருள், சுத்தமாகக் கழுவி எடுத்துவைத்த இந்தக் காலிப் புட்டிதான்.

ஒயினை ஊற்றிக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவையான டிகாண்டரில், வளைந்த கழுத்துள்ளதை மட்டும் வாங்காதீர்கள். அடியில் படியும் சிவப்புக் கறைக்குத் தூரிகை எட்டுவதில்லை. துவர்ப்பு மிகுந்த, அதிகம் முதிராத சிவப்பு ஒயினைக் காற்றாட விட, வாய் அகன்ற சாதாரணக் கண்ணாடிக் கூசாவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கையை உள்ளே விட்டுக் கழுவிவிடலாம்.