தண்ணீர் விளையாட்டா, மாவு விளையாட்டா?

செல்போன், டிவி திரை இல்லாமல் குழந்தையை ஈடுபடுத்த இரண்டுமே நல்ல வழிகள்தான். ஆனால் ஒன்றரை வயதுக்குத் தண்ணீரையே தேர்ந்தெடுங்கள். அகலமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு குவளைகள், ஒரு வடிகட்டி போதும். பொருட்கள் கூடினால் குழந்தை எதிலும் நிலைக்காது, எல்லாவற்றையும் வெளியே வீசும். ஒரு ஸ்பாஞ்சை மட்டும் ஒளித்து வைத்து, சலிப்பு தட்டும்போது கொடுங்கள். ஆர்வம் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தின் கீழே பழைய துண்டை விரியுங்கள், பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தில் வழுக்கும்.

சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடலாம். கை எட்டும் தூரத்திலேயே இருங்கள், முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள். கதவு மணி அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

மாவுக்கு ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் அரை கப் வெந்நீர். நீரைச் சிறிது சிறிதாக விட்டு, சூடு ஆறியபின் பிசையுங்கள். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மைதா, விரிசல் விட்டால் சில சொட்டுத் தண்ணீர். மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். திறந்து கிடந்தால் காய்ந்து உதிரும்.

எதையும் வாயில் போடும் வயதில் இது வேண்டவே வேண்டாம். இவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து, பச்சை மாவில் கிருமிகளும் இருக்கலாம். அந்தப் பழக்கம் விட்ட பிறகு மாவுதான் நெடுநேரம் கட்டிப்போடும்.