சொந்தக் காசா, ஊரார் காசா?

சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்க நினைக்கிறவர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: முதலீட்டாளரிடம் பணம் வாங்கலாமா, வருகிற காசிலேயே ஓட்டலாமா? சென்னையிலேயே இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. சோஹோ வெளியாரிடம் முதலீடு வாங்காமல் வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் கம்பெனி முதலீடு வாங்கி வளர்ந்தது. (நடுவில் இரண்டும் கோர்ட் வரை போய்ச் சமாதானம் ஆனதும் உண்டு.)

சோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தது. தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு நெட்வொர்க் மென்பொருள் விற்றார்கள். 2001 வாக்கில் இணையக் கம்பெனிகளின் டாட்காம் அலை சரிந்தபோது அந்த வாடிக்கையாளர்களே படுத்துவிட்டார்கள். வெளி முதலீட்டாளர் இருந்திருந்தால் முதலில் ஆட்களைக் குறைக்கத்தான் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்ல யாரும் இல்லாததால், இருந்த ஆட்களை வைத்தே, கம்பெனிகளின் கணினிகளையும் நெட்வொர்க்கையும் நிர்வகிக்கும் மேனேஜ்எஞ்சின் மென்பொருளுக்கும் பிறகு இணையவழி அலுவலக மென்பொருள்களுக்கும் தாவ முடிந்தது. எந்தப் பொருள் ஓடும் என்று தெரியாத காலத்தில் இந்தச் சுதந்திரத்துக்கு விலையே கிடையாது.

கிரிஷின் கதை ஒரு டிவியில் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது அனுப்பிய டிவி உடைந்து வந்தது. இன்சூரன்ஸுக்கு எவ்வளவோ அலைந்தும் பலனில்லை. இணையத்தில் எழுதிப் போட்டதும் மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது. அப்புறம், வாடிக்கையாளர் சேவை மென்பொருளில் முன்னணியில் இருந்த ஸென்டெஸ்க் விலையைக் கூட்டி எல்லோரையும் எரிச்சலாக்கியது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் சந்தையைப் பிடிக்க வேண்டும். சேர்த்து வைத்து மெதுவாகப் போக நேரமில்லை. 2011இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் தந்த 10 லட்சம் டாலரை அவர் வாங்கியது, என் கணக்கில், சரியான முடிவு.

ஆனால் அந்தக் காசோடு ஒரு கடிகாரமும் வரும். போட்டவருக்குச் சில வருடங்களில் பெருக்கித் திருப்பித் தந்தாக வேண்டும். 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு 36 டாலருக்கு வெளியானது. 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். சோஹோவில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு விலை பாதிக்கும் கீழே போனது. 2024 நவம்பரில், வருமானம் கூடிக்கொண்டிருந்தபோதே, சுமார் 660 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதே சமயம் 40 கோடி டாலருக்குச் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தார்கள். முதலாளி பதில் சொல்ல வேண்டிய ஆள் மாறிவிட்டால் இப்படித்தான்.

என் அக்கா மகன் மளிகைக் கடைகளுக்கு பில்லிங் ஆப் செய்கிறான். நாற்பது கடைகள் மாதா மாதம் பணம் கட்டுகின்றன. "மாமா, ஒருத்தர் முதலீடு தர்றேங்கிறார்" என்று போன வாரம் போன் செய்தான். நாளைக்கே இன்னொருவன் வந்து இந்தக் கடைகளைத் தட்டிக்கொண்டு போவானா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் கூப்பிடவில்லை.