வீல்சேரோடு போய்ப் பார்த்த விளையாட்டுத் திடல்: மாணவர்களின் வடிவமைப்புக்கு என் மதிப்பெண்

முதலில் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வடிவமைத்த புதிய விளையாட்டுத் திடலின் படங்களைப் பார்த்த எல்லோரும் ஊஞ்சலையும் ராட்டினத்தையும்தான் பாராட்டினார்கள். என் கண் போனது தரைக்கு. என் மகளுக்கு ஒன்பது வயது, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) உண்டு. வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு போவாள். கேட்காமல் யாராவது பின்னாலிருந்து தள்ளினால் கோபம் வந்துவிடும். மணல் கொட்டிய பூங்காவில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டால் அப்புறம் ஊஞ்சல் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன?

இங்கே நடைபாதைகளிலும் ஊஞ்சல், ராட்டினம் இருக்கும் இடங்களிலும் ரப்பர் தரை. ரப்பர் துகளைப் பசையோடு கலந்து அங்கேயே பரப்பி இறுகவிடுவார்களே, அது. விளையாட்டுத் திடலின் தரை இரண்டு வேலை செய்ய வேண்டும். விழுகிற பிள்ளையின் தலையைக் காப்பாற்றும் அளவுக்கு மெத்தென்று இருக்க வேண்டும், சக்கரம் அழுந்தாத அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பு வகுத்த தரநிலைகளில் முதலாவதற்கு எஃப் 1292, இரண்டாவதற்கு எஃப் 1951 என்று தனித்தனிச் சோதனைகளே இருக்கின்றன. இரண்டாவதில், வீல்சேரை அந்தத் தரையில் நேராக ஓட்டவும் திருப்பவும் எவ்வளவு உழைப்பு ஆகிறது என்று அளந்து, 1:14 சரிவில் (14 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம்) ஏறுவதற்கு ஆகும் உழைப்பைவிடக் குறைவாக இருந்தால்தான் தேறியதாகக் கொள்வார்கள். இந்த விவரமெல்லாம் எனக்குச் சொன்னது திட்டக் குழுவிலிருந்த ஒரு மாணவிதான். மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை, புரிந்துகொண்டு சொன்னாள்.

ஏறும் வலைக்குக் கீழே மட்டும் செலவைக் குறைக்க மரச்சீவல் போட்டிருக்கிறார்கள். அதற்கென்று பக்குவப்படுத்திய மரச்சீவலும் சோதனையில் தேறக்கூடியதுதான். ஆனால் பிள்ளைகள் குதித்துக் குதித்து அது சிதறிவிடும், யாராவது அடிக்கடி வாரி நிரவ வேண்டும். இங்கே யாரும் வாரவில்லை போலிருக்கிறது. ரப்பரும் மரச்சீவலும் சேரும் இடத்தில் சீவல் இறங்கி ஒரு விளிம்பு உண்டாகியிருக்கிறது. நடப்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. என் மகளின் முன்சக்கரத்துக்கு அது ஒரு படி. இன்னொன்று, ரப்பர் தரை வெயிலில் நன்றாகச் சுடும், அடர்நிறமாக இருந்தால் இன்னும் மோசம். வீல்சேரிலிருந்து இறங்கித் தவழ்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கு உள்ளங்கையும் முழங்காலும்தான் பாதம். நிழல் இருப்பது ஒரு மூலையில் மட்டும். அடர்நீலம் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, வடிவமைப்புக்கு வருகிறேன். ஆரம்பத்தில் மாணவர்களை ஆளுக்குக் கொஞ்ச நேரம் இரவல் வீல்சேரில் உட்காரவைத்து, "அனுபவித்துப் பாருங்கள்" என்றார்களாம். அந்தப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் பரிதாபம்தான் வரும், புரிதல் வராது. கதவில் முட்டிக்கொண்டு நின்ற ஒரு பையனைப் பார்த்து என் மகள், "அண்ணா, உங்களுக்கு ஓட்டத் தெரியலை, அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் உருப்படியான வேலை நடந்தது என்று நினைக்கிறேன். அட்டையில் மாதிரி செய்து எடுத்துவந்து, என் மகள், பார்வை குறைந்த ஒரு பையன், பேச்சுக்குப் பதில் படப்பலகையைக் காட்டிப் பேசும் இன்னொரு பையன் என்று மூவரிடமும் கொடுத்து, நீங்களே நகர்த்தி வையுங்கள் என்றார்கள். என் மகள் வீல்சேர் ஊஞ்சலைத் தொடவே இல்லை. சாதாரண ஊஞ்சலை எடுத்து, முதுகுச் சாய்வும் வார்ப்பட்டையும் உள்ள ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வைத்தாள். தோழிக்குப் பக்கத்தில் ஆட வேண்டுமாம்.

அது அப்படியே வந்திருக்கிறது. ஒரே சட்டத்தில் இரண்டு விதமான ஊஞ்சல்களும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ராட்டினமும் தரைமட்டத்திலேயே சுழல்கிறது, படி இல்லை, மேடை இல்லை. வீல்சேரோடு நேராக உள்ளே போய் பிரேக் போட்டுக்கொள்ளலாம். நடக்கிற பிள்ளைகளும் அதே ராட்டினத்தில்தான் ஏறுகிறார்கள். திடலிலேயே கூட்டம் அதிகம் இங்கேதான்.

ஆனால் மாணவர்களின் இறுதி வடிவமைப்பில் இல்லாத ஒன்றும் திடலில் இருக்கிறது. வீல்சேரோடு ஏற்றிவிடும் மேடை ஊஞ்சல். நன்கொடை கொடுத்தவர்கள் விரும்பிச் சேர்த்ததாம். அது கனமானது, ஆடும்போது குறுக்கே ஒரு பிள்ளை வந்தால் ஆபத்து, அதனால் சுற்றிலும் வேலி, வேலிக்குப் பூட்டு. சாவி அலுவலகத்தில். கழுத்தும் முதுகும் நிற்காத, நாற்காலியை விட்டு இறங்கவே முடியாத பிள்ளைகளுக்கு இதை விட்டால் வேறு ஊஞ்சல் கிடையாது. அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலிக்குள் ஒரு பிள்ளை தனியாக ஆட, வெளியே பத்துப் பேர் நின்று பார்ப்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். திறப்பு விழாவிலும் "கருணை" என்ற சொல் பல முறை வந்தது. மாணவர்கள் வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில், 2006ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு இருந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வேண்டும், பள்ளியிலும்தான் என்று அது சொல்கிறது. பேசியவர்கள் உள்ளே வரும்போது அதைப் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

அடுத்து சறுக்குமரம். மேலே போக 1:12 சரிவில் சாய்தளம், நடுவில் நின்று இளைப்பாற இடம், உச்சியில் வீல்சேர் முழுதாகத் திரும்ப 1.5 மீட்டருக்குக் குறையாத அகலம். எல்லாம் சரி. பல திடல்களில் இதற்குப் பிறகுதான் சிக்கல். பிள்ளை சறுக்கிக் கீழே வந்துவிடும், வீல்சேர் மேலேயே நிற்கும்! இந்தப் பிள்ளைகள் அதை யோசித்திருக்கிறார்கள். சறுக்குமரம் முடியும் இடத்துக்கு எதிரிலேயே சாய்தளம் தொடங்குகிறது, பக்கத்தில் ஏறி உட்காரத் தாழ்வான திண்ணை. என் சின்னவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் கீழே வர முயல்வது இப்போது தனி விளையாட்டாகிவிட்டது. சறுக்குமரம் பிளாஸ்டிக் அல்ல, உருளைகள் வைத்தது. பிளாஸ்டிக்கில் சறுக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் காது கேட்க உதவும் காக்ளியர் கருவியின் நிரலைக் கெடுத்துவிடலாம் என்பதால், அதை அணிந்த குழந்தைகளைக் கழற்றிவிட்டுச் சறுக்கச் சொல்வது வழக்கம். கழற்றினால் தோழர்கள் கூப்பிடுவது கேட்காது. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

மணல் மேசையின் கீழே முழங்கால் இடிக்காமல் போகிறது, நல்ல உயரம். படப்பலகை வாசலிலேயே இருக்கிறது. பேசும் பிள்ளைகளும் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடுகிறார்கள். சத்தம் தாங்காத பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ள ஒரு சிறு குடில் கட்டியிருக்கிறார்கள். விளையாட்டைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம், இரண்டு பக்கமும் வழி இருப்பதால் மாட்டிக்கொண்டோம் என்ற பயமும் வராது. அருமையான யோசனை. ஆனால் அதற்கு நேர் மேலே பள்ளி மணியின் ஒலிபெருக்கி! யார் கண்ணிலும் படவில்லையா?

வீல்சேர் நுழையும் கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில். அது இந்த மாணவர்களின் குற்றமில்லை, ஆனால் மூன்று மணி நேரம் விளையாடலாம் என்று வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

10க்கு 8 கொடுக்கிறேன். பள்ளி முடிந்த பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுகிறார்கள். வெயில் தாழ்ந்ததும் போங்கள், மேடை ஊஞ்சல் தேவைப்படுகிறவர்கள் அலுவலகம் மூடுவதற்குள் சாவியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறவர்கள் நிழலையும் அந்த விளிம்பையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். குறைகளை எழுதித் தரும்படி என் மகளிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டாள். ராட்டினத்துக்கு வேகம் போதாது என்பது முதல் புகார். அந்த ஒன்றை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள் என்று நான் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.