ஊசல் லேசரா, மோட்டார் லேசரா: கோடு தவறும்போது எதை எளிதில் பிடிக்கலாம்?

ஒளிக்கோட்டால் மட்டம் காட்டும், தானே மட்டம் பிடிக்கும் லேசர் லெவலை வாங்குவோர் பெரும்பாலும் கோட்டின் நிறத்தையும் எண்ணிக்கையையும் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பன்னிரண்டு கோடா, பதினாறு கோடா என்பது கடையிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கோடு தவறினால் தவறியது நமக்குத் தெரியவருமா என்பது மட்டும் டைல்ஸ் பதித்து முடித்து, தண்ணீர் எதிர்மூலையில் தேங்கி நிற்கும் நாளில்தான் தெரிகிறது. ஆகவே சந்தையில் உள்ள இரண்டு பெரிய வகைகளையும் பழுதறிதல் என்ற ஒரே கோணத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அறைக்குள் சுவரில் கோடு போடும் கருவிகளில் பெரும்பாலானவை ஊசல் வகையைச் சேர்ந்தவை. லேசர் விளக்குகள் பொருத்தப்பட்ட ஒரு சிறிய கட்டை நுண்ணிய பேரிங்குகளில் தொங்குகிறது. தூக்குக்குண்டைப் போலவே புவியீர்ப்பில் நேராகிறது. அதன் ஆட்டத்தைக் காந்தங்கள் அடக்குகின்றன. தளம், அடித்தளம் போன்ற பெரிய பரப்புக்குப் பயன்படும், லேசர் தலை சுற்றிக்கொண்டே கோடு காட்டும் சுழல் வகைதான் மோட்டார் லேசர்; இவற்றில் பெரும்பாலானவற்றில் மின்னணு உணரி சாய்வை அளக்க, சிறு மோட்டார்கள் தலையைத் திருத்தி மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. முன்னது ஏறத்தாழ 4 பாகை வரையிலும் பின்னது 5 பாகை வரையிலும் சாய்வைத் தானே சரிசெய்யும்.

அந்த வரம்பைத் தாண்டினால் ஊசல் கருவியின் கோடு சிமிட்டும். சுழல் கருவியின் தலை சுற்றாமல் நின்றுவிடும். இரண்டிலும் முதலில் செய்ய வேண்டியது முக்காலியின் காலைத் திருத்துவதுதான். அதன்பின் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஊசல் கருவியில் மட்டும் ஏமாற்றும் சிக்கல் ஒன்று கூடுதலாக உண்டு. எடுத்துச் செல்லும்போது ஊசலைப் பிடித்து வைக்கும் பூட்டைத் திறக்காமலேயே பல மாடல்களில் கோட்டை ஒளிரவிடலாம். படிக்கட்டுக் கைப்பிடிக்குச் சாய்கோடு போடுவதற்கான வசதி அது. விலை குறைந்த கருவிகளில் பூட்டிய நிலைக்கான எச்சரிக்கை கண்ணில் படாத அளவுக்குச் சிறியதாக இருப்பதால், பூட்டிய கோட்டையே மட்டமென்று நம்பி வேலை தொடங்கிவிடுகிறார்கள். பழுது என்று சொல்லப்படுவனவற்றில் கணிசமானவை உண்மையில் இந்தக் கவனப்பிசகுதான் என்பது என் எண்ணம்.

அதிர்வில் இரண்டும் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. பக்கத்தில் டிரில் ஓடினால் ஊசலின் கோடு நடுங்கும், நிறுத்தியதும் அடங்கும். சுழல் கருவியோ ஒவ்வொரு அதிர்வுக்கும் மீண்டும் மட்டம் தேட முற்பட்டு, நின்று நின்று சுற்றிப் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் முக்காலியை யாரேனும் இடித்து உயரம் மாறிவிட்டால், புதிய உயரத்தில் சத்தமில்லாமல் மட்டம் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடராமல், நின்று எச்சரிக்கும் வசதி பல சுழல் கருவிகளில் இருக்கிறது. ஊசல் கருவிகளில் அது அரிது.

சிமிட்டாமல், நடுங்காமல், தெளிவாக ஒளிர்ந்துகொண்டே சில மில்லிமீட்டர் தவறிக் கிடக்கும் கோடுதான் உண்மையான சிக்கல். ஊசல் கருவிக்கு இதற்கான சோதனை எளிது. 5 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே, முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து அந்தச் சுவரில் ஒரு புள்ளியும், 180 பாகை திருப்பி எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியும் குறிக்க வேண்டும். பிறகு கருவியை எதிர்ச்சுவர் அருகே கொண்டுபோய், அங்குள்ள புள்ளியில் கோடு படும்படி உயரத்தைத் திருத்திவிட்டு, முதல் சுவரை நோக்கித் திருப்பினால் கோடு பழைய புள்ளியின் மேலேயே விழ வேண்டும். விலகல் இருந்தால் அது 5 மீட்டரில் ஏற்படும் பிழையின் இரு மடங்கு; மீட்டருக்கு 0.3 மி.மீ. துல்லியம் என்று கையேடு சொன்னால் 3 மி.மீ. வரை ஏற்கலாம்.

இதே சோதனையை மூன்று முறை செய்வது அவசியம். மூன்று முறையும் ஒரே அளவு விலகினால் அளவுத்திருத்தம் மாறியிருக்கிறது. சேவை மையத்தில் சரியாகும். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வந்தால், ஊசல் தூசியாலோ கீழே விழுந்த அடியாலோ பேரிங்கில் சிக்குகிறது என்று பொருள். எவ்வளவு திருத்தினாலும் அந்தக் கருவி நிலைக்காது. பேரிங்கில் எண்ணெய் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது இன்னும் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

சுழல் கருவிக்குச் சுமார் 30 மீட்டர் தள்ளி ஒரு சுவர் வேண்டும். எதிரெதிர்த் திசைகளில் திருப்பிக் குறித்த இரண்டு புள்ளிகளின் வித்தியாசம் பிழையின் இரு மடங்கு. பிறகு 90 பாகை திருப்பி மற்ற அச்சுக்கும் அதையே செய்ய வேண்டும். வேலை இரட்டிப்பு, இடமும் அதிகம். ஆயினும் பல மாடல்களில் பொத்தான்களை அழுத்தியே இரு அச்சுகளையும் நாமே திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல். ஊசல் கருவியைத் திருத்த உறையைத் திறந்து திருகாணிகளைத் தொட வேண்டும். தூசித்தடுப்பும் உத்தரவாதமும் அத்துடன் போய்விடும். மோட்டாரோ உணரியோ கெட்டால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடும். சுழல் கருவியின் பழுதுச் செலவில் சாதாரண ஊசல் கருவி ஒன்றையே வாங்கிவிடலாம்.

வெயிலில் கோடு தெரியவில்லை என்பது பழுதே அன்று. பச்சை ஒளி கண்ணுக்குச் சிவப்பைவிடப் பளிச்சென்று படும், பேட்டரியையும் கூடுதலாகத் தின்னும். நண்பகல் மொட்டைமாடியில் இரண்டுமே தோற்கும். அங்கே, லேசர் ஒளி பட்டால் ஒலித்துக் காட்டும் டிடெக்டர்தான் வழி. டிடெக்டர் ஒலிக்கவில்லையென்றால், கோட்டுக் கருவியில் ஒளியை வேகமாக விட்டுவிட்டு அனுப்பும், டிடெக்டருக்குரிய துடிப்பு நிலை இயக்கப்பட்டிருக்கிறதா, சிவப்புக்கு மட்டுமான டிடெக்டரைப் பச்சைக்குப் பிடிக்கிறோமா என்று பார்த்த பிறகே கருவியைக் குறை சொல்ல வேண்டும்.

கொத்தனார் பையில் கிடக்கும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயான டியூப் லெவலையும் இந்தப் போட்டியில் சேர்க்கத்தான் வேண்டும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமலும், பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடக்காமலும் பார்த்துக்கொண்டால், சுவர் மறைக்கும் அடுத்த அறைக்கும் அதே மட்டத்தைக் கொண்டுபோகும். இந்த மூன்றில் அளவுத்திருத்தம் தேவைப்படாத கருவி அதுதான். இருவர் வேண்டும், நேரம் பிடிக்கும் என்பதால் நாள் முழுவதும் அதில் வேலை செய்வதற்கில்லை. ஆனால் லேசர் மேல் ஐயம் வந்த பத்து நிமிடத்துக்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

வீட்டுக்குள் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மின்குழாய் வேலைகளுக்கு ஊசல் வகையையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு சுவரும் ஒரு பென்சிலும் இருந்தால் அதன் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம். பல பேர் நடமாடும் பெரிய தளத்தில், இடித்தால் நின்றுவிடும் சுழல் கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானது. எதை வாங்கினாலும் கிடைமட்டக் கோடு சரியாக இருப்பதாலேயே நெடுக்குக்கோடும் சரி என்று கொள்ளக் கூடாது. அதைத் தனியாகத் தூக்குக்குண்டு கட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் காற்றில்லாத அறையில்.