புதுசாப் பூட்டின கணினியா? காசு கொடுக்கமுன் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினி வாங்க யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ9 வீதியோர நகரம் ஒன்றில் இருக்கும் கடையில் "புதுசாப் பூட்டித் தாறம்" என்று சொல்லி எனக்குத் தந்த பெட்டியின் கதை இது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையை விளங்கிக்கொள்ள பெயர் தேவையுமில்லை.

மகள் உயர்தரம் படிக்கிறாள். ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடம் சூமில் படிப்பது இப்போது சாதாரணம். அவளுக்காக வாங்கிய கணினி மொனிற்றர் இல்லாமல் 78,000 ரூபா. பற்றுச்சீட்டில் "ஐ5, 8 ஜிபி, புதியது, 1 வருட வாரண்டி" என்று எழுதித் தந்தார்கள். அந்தப் 'புதியது' எழுதியிருந்ததுதான் பிறகு உதவியது.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையிலேயே கரைச்சல் தொடங்கியது. கறுப்புத் திரையில் 'சீமாஸ் செக்சம் எரர்' (சேமித்து வைத்த அமைப்புகளில் பிழை), தொடர எஃப்1 அழுத்து என்று வரும். அழுத்தினால் விண்டோஸ் ஏறப் பார்த்துவிட்டு நீலத் திரையில் 'இனாக்சசிபிள் பூட் டிவைஸ்' (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை) என்று நின்றுவிடும். விண்டோஸுக்கு முன்பே ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாசுக்குள் போய்ப் பார்த்தால் திகதி 2012 ஜனவரி 1. சத்தமோ முதல் நாளிலிருந்தே இல்லை. ஸ்பீக்கர் படத்தில் சிவப்புக் குறுக்குக் கோடு, ஒலிக் கருவி எதுவும் நிறுவப்படவில்லை என்ற செய்தி.

தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பெடியன் பயாசுக்குள் ஏதோ மாற்றி ஓட விட்டான். அரை நாள் அங்கே ஓடியது, பல தடவை நிறுத்திப் போட்டும் ஒரு பிழையும் வரவில்லை. "அண்ணை, இஞ்ச வடிவா வேலை செய்யுது. உங்கட வீட்டுக் கரண்ட்தான் சரியில்லை" என்றார் முதலாளி. வன்னியில் கரண்டைக் குறை சொன்னால் யார் மறுப்பது? இடி மின்னல் காலத்தில் எங்கள் பக்கம் நாளும் விழுந்து எழும்புகிற கரண்ட்தானே. ஒரு யூபிஎஸ் வாங்கச் சொன்னார், வாங்கினேன். சத்தத்துக்கு "இப்ப வாற போர்ட்டுகள் இப்பிடித்தான்" என்று சொல்லி ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் காட்டைச் செருகிவிட்டு அதற்கும் காசு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, இரவு படுக்கமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, காலையில் போட்டால் மறுபடி அதே எஃப்1, அதே நீலத் திரை.

உண்மையைப் பிடித்தது என் பெறாமகன். பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். லீவில் வந்தவன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்ட்டில் இருக்கும் வட்டப் பற்றரியை மீற்றரில் வைத்துப் பார்த்தான். சிஆர்2032 என்ற அந்தப் பற்றரி 3 வோல்ட் காட்ட வேண்டும். இது 1 வோல்ட்டையே தொடவில்லை. "சித்தப்பா, இது கரண்ட் பிரச்சினை இல்லை" என்றான்.

அவன் சொன்ன விளக்கத்தை நன்றாகக் கவனியுங்கள், சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பயாஸில் செய்த அமைப்புகளையும் மணிக்கூட்டையும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பற்றரிதான். ஆனால் பிளக் சுவரில் இருக்கும்வரை, கணினியை நிறுத்தியிருந்தாலும், பவர் சப்ளையிலிருந்து ஒரு சிறு மின்சாரம் போர்ட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். அது போதும், பற்றரி செத்திருந்தாலும் எதுவும் அழியாது. கடையில் பிளக்கை யாரும் கழற்றுவதில்லை. அதனால் அங்கே பழுது தெரியாது. மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றி வைக்கும் வீடுகளில்தான் அது வெளியே வரும். இந்த ஊர்களில் யார்தான் கழற்றாமல் படுக்கிறார்கள்? அமைப்புகள் அழிந்ததும் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கோடு போர்ட் பேசுவதற்கு ஐடிஈ என்ற பழைய முறையும் ஏஎச்சிஐ என்ற புதிய முறையும் உண்டு. இந்தப் பழைய போர்ட்டின் ஆரம்ப நிலையில் ஹார்ட் டிஸ்க் ஐடிஈ முறையில் இருக்கிறது. விண்டோஸை நிறுவியதோ ஏஎச்சிஐ முறையில். நீலத் திரைக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சத்தத்தின் கதை இதைவிட மோசம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சத்தம் வரவில்லை என்றவுடன் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். எச்டிஎம்ஐ வயரில் மொனிற்றரைக் கொழுவினால் விண்டோஸ் சத்தத்தை அந்த மொனிற்றருக்கே அனுப்பக்கூடும், பல மொனிற்றர்களில் ஸ்பீக்கர் இருக்காது. பின்பக்கத்துப் பச்சைத் துளைக்குப் பதிலாக வேறொன்றில் செருகியிருக்கலாம். பெட்டியின் முன்பக்கத் துளைக்கான வயரைப் பூட்ட மறந்திருக்கலாம், ஒலியை இயக்கும் மென்பொருளான ரியல்டெக் டிரைவரைப் போடாமல் விட்டிருக்கலாம். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம்.

பெறாமகன் ஹார்ட் டிஸ்க்கைக் கையால் ஏஎச்சிஐக்கு மாற்றி விண்டோஸை ஏற்றியபோது, அதுவரை இல்லாத ஒன்று, கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறியோடு வந்து நின்றது. ஒலிக் கருவி, தொடங்க முடியவில்லை, பிழை எண் கோட் 10. முன்பு ஏன் அந்தப் பெயரே இல்லை? கடையில் பயாசுக்குள் போய் ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள். பழுதான பகுதியை அணைத்துவிட்டால் மஞ்சள் குறி வராது, வாங்குபவர் கண்ணில் படாது. பற்றரி செத்துக் கிடந்ததால் ஒவ்வொரு காலையும் அணைத்து வைத்த அந்த அமைப்பும் சேர்ந்து அழிந்து, ஒலி திரும்ப இயங்கும் நிலைக்கு வந்துகொண்டிருந்தது. டிரைவரை மாற்றிப் போட்டும் கோட் 10 போகவில்லை. பச்சைத் துளைக்குப் பக்கத்துச் சின்னச் சிப்பைச் சுற்றி ஈயம் வைத்துத் திருப்பி ஒட்டிய அடையாளம் கிடந்தது. புதுப் போர்ட்டில் அது எப்படி வரும்?

மிச்சமும் அப்படித்தான். ஐ5 என்றார்கள், எத்தனையாம் தலைமுறை என்று சொல்லவில்லை. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் சிப் ஐ5-3470, மதர்போர்ட் எச்61 என்ற பழைய வகை. அந்தச் சிப் 2012இல் வந்தது, மூன்றாம் தலைமுறை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள், 'புதிய' ஹார்ட் டிஸ்க் 20,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருப்பதாகக் காட்டியது. இடைவிடாமல் ஓடியிருந்தாலே இரண்டு வருடத்துக்கு மேல். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. பழைய சாமான் விற்பதில் எனக்கு ஒரு குறையுமில்லை. பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் நானே வாங்குவேன்.

ஆகவே கடையில் நிற்கும்போது, எல்லாம் ஓடுகிறது என்று காட்டிய பிறகு, கணினியை நிறுத்திப் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பப் போடச் சொல்லுங்கள். திகதி சரியாக இருக்கிறதா, எஃப்1 கேட்கிறதா என்று பாருங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். பாதி செத்த பற்றரி ஒரு தேத்தண்ணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கலாம், அதனால் மீற்றரில் பார்ப்பது இன்னும் நல்லது. பச்சைத் துளையில் உங்கள் சொந்த ஹெட்போனைச் செருகி ஒரு பாட்டுக் கேளுங்கள். சிபியூ-இசட் திரையைக் கைபேசியில் படம் எடுத்து, சிப்பின் முழு எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். ஐ5 என்று மட்டும் எழுதினால் அது 2010 சாமானாகவும் இருக்கலாம்.

பற்றுச்சீட்டுத் தரமாட்டோம் என்றால் விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பொருளைப் பற்றிப் பிழையான எண்ணத்தை உண்டாக்கி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. அந்த அதிகார சபையிடம் முறையிட 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுக்கலாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்தாலும் வழி சொல்வார்கள். எதையும் எழுத்தில், தாமதிக்காமல் கொடுங்கள். பற்றுச்சீட்டு அந்த மினுமினுப்புத் தாளில் அடித்ததென்றால் உடனே ஒரு பிரதி எடுத்து வையுங்கள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்.

முறைப்பாடு போன பிறகு முதலாளி தானாகவே எடுத்துக் கதைத்தார். "அண்ணை, வேற போர்ட் போட்டுத் தாறன், ஏன் இதைப் பெரிசாக்கிறீங்கள்?" என்றார். என்ன போர்ட் என்று கேட்டேன். அதுவும் எச்61தான். எனக்குப் போர்ட் வேண்டாம், 78,000 ரூபாவும் சவுண்ட் காட்டுக்கு எடுத்த காசும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். யூபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன், அது மட்டும் உண்மையிலேயே புதியது.