எல்லாம் பொருத்தித் தருகிறோம் என்று விற்கப்பட்ட கயாக்: டர்பன் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ் நண்பர்கள் பலர் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகில் மீன்பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எதை வாங்கலாம், யாரிடம் பொருத்தலாம் என்று என்னிடம் கேட்பவர்களும் கூடிவிட்டதால், கடந்த ஆண்டு எனக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தூண்டில் தாங்கிகள், மீன் இருக்குமிடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவி, நங்கூரக் கயிறு ஆகிய எல்லாவற்றையும் தாங்களே பொருத்தி, நேரே தண்ணீரில் இறக்கலாம் என்று உறுதி சொல்லி ஒரு கடையார் 14,800 ராண்டுக்கு விற்ற கயாக், கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் என்னைக் கவிழ்த்துவிட்டது. கடையின் பெயரை இங்கு எழுதவில்லை. அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், அதே வேலையை வேறு எந்தக் கடையில் பார்த்தாலும் நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்தவன். கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்தவன் என்பதாலேயே ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். கட்டுமரத்தின் மேல் அலை ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். தேங்குவதற்கு அதற்கு வயிறு கிடையாது. மேலே அமர்ந்து ஓட்டும் கயாக்கிலும் தளத்தில் விழும் தண்ணீர், தளத்திலிருந்து அடிவரை ஊடுருவும் வடிதுளைகள் வழியே இறங்கிவிடுவதைக் கண்டு, இதுவும் அப்படித்தான் என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். ஆனால் கயாக்கின் தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருப்பது வெற்று வயிறு. அந்த வயிற்றில் காற்று இருக்கும் வரைதான் அது மிதக்கும். தூண்டில் தாங்கிக்காகவும் கம்பிக்காகவும் திருகாணிக்காகவும் தளத்தில் போடப்படும் ஒவ்வொரு துளையும் அந்த வயிற்றுக்குள் திறக்கும் ஒரு வாசல்.

முதல் தவறு கலத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே நடந்தது. டர்பனின் வெட்சஸ் கடற்கரையிலிருந்து இறக்கிச் சீலா மீனுக்குப் போக விரும்புகிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். விற்பனையாளர் எனக்குக் காட்டியது மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கலம். அணைக்கட்டின் அமைதியான நீரில் அது அசையாமல் நிற்கும் என்பதில் ஐயமில்லை. மிட்மார் அணையிலோ இனாண்டா அணையிலோ கரையோரமாகத் தூண்டில் போடுவோருக்கு அது போதும். கடலிலோ, அலையை அறுத்துக்கொண்டு வெளியே போகவும், முற்பகலில் வடகிழக்குக் காற்று எழும்பினால் அதை எதிர்த்துத் திரும்பவும், நீளமும் குறுகலும் உள்ள கலம்தான் வேண்டும். டர்பன்காரர்கள் தலைமுறையாக ஓட்டும் கண்ணாடியிழை மீன்பிடி ஸ்கீகள் எனப்படும் ஒடுங்கிய கலங்கள் நான்கு மீட்டருக்கு மேல் நீண்டிருப்பதும், அலையைக் கடக்கும்போது தூண்டில் கோல்களை உள்ளே வைத்துப் பூட்டும்படி அவற்றின் முன்புறம் பெரிய மூடியறை இருப்பதும் இதனால்தான். எனக்கு விற்கப்பட்ட கலத்தில் கோல்களை உள்ளே வைக்க இடமே இல்லை.

சுமை விஷயத்திலும் ஏமாந்தேன். 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அது கலம் மூழ்காமல் தாங்கும் உச்ச அளவு. நிமிர்ந்து ஓடுவதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதைப் பிறகுதான் கற்றேன். என் எடை 94 கிலோ. பெட்டி, பாட்டரி, நங்கூரம், ஐஸ் எல்லாம் சேர்ந்து இன்னொரு 25 கிலோ. கடையார் என் எடையைக் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை.

முதல் முறை இனாண்டா அணையில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். கரையேற்றி, வயிற்றுத் தண்ணீரை வடிக்கும் அடைப்பானைத் திறந்தபோது ஒரு தம்ளர் அளவு தண்ணீர் வந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். புதுக் கலத்தில் சிறிது ஈரம் கசிவது இயல்பு, துடுப்பிலிருந்து சொட்டுவதாக இருக்கும் என்றார்கள். இந்தச் சொல்லை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலே அமரும் கயாக்கின் மூடிகள் சரியாக மூடியிருந்தால், துடுப்பிலிருந்து சொட்டும் நீர் வயிற்றுக்குள் போக வழியே இல்லை.

இரண்டாம் முறை, மே மாதத்து ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் வெட்சஸில் இறக்கினோம். 19ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிக் கைவிடப்பட்ட அலைதடுப்புச் சுவரின் எச்சங்கள் அங்கே நீருக்கடியில் கிடப்பதால் அலை சற்று அடங்கியிருக்கும். புதியவர்களுக்கு ஏற்ற இடம். என்னோடு வந்தவர் அலுவலகத்தில் உடன் பணிபுரியும், எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞர். தம்முடைய ஸ்கீயில் வந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு துடுப்புப் போடப்போட என் கலம் மந்தமாகிக்கொண்டே போனது. நீரோட்டம் என்று நினைத்தேன். அவர்தான் பின்னாலிருந்து கூவினார்: "அண்ணாச்சி, உங்க பின்பக்கம் தாழுது, திரும்புங்க." நான் திரும்ப முயன்ற கணத்தில் சிறிய அலையொன்று பக்கவாட்டில் தட்டியது. காலி வயிறாக இருந்தால் அந்த அலைக்குக் கலம் சற்றுச் சாய்ந்து நிமிர்ந்திருக்கும். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி மேலும் அழுத்தியதால், நிமிராமல் அப்படியே புரண்டது.

நீர் நிறைந்த கலத்தை என்னால் புரட்டி நிமிர்த்த முடியவில்லை. அதே கடை இலவசமாகக் கொடுத்த லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறிக்கொண்டு முகத்தை மறைத்தது. வீட்டில் அதன் உட்புறத்து அட்டையைப் படித்தபோது 60 கிலோ வரை உள்ளவருக்கானது என்று எழுதியிருந்தது. அந்தத் தம்பி தம் ஸ்கீயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, என் கலத்தைக் கயிற்றில் கட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் துடுப்புப் போட்டு என்னைக் கரை சேர்த்தார். தனியாகப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை. மணலில் அமர்ந்து இரண்டு லிட்டர் போத்தலால் வயிற்றிலிருந்த தண்ணீரை மொண்டு ஊற்றினேன். 23 போத்தல்கள். 46 லிட்டர் என்றால் 46 கிலோ. அந்த எடையை அறியாமலே சுமந்து சென்றிருக்கிறேன்.

கசிவு எங்கே என்று காட்டிக்கொடுத்தவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும், எழுபது வயதைக் கடந்த பெரியவர். அவருடைய குடும்பம் முன்பு கரைவலை இழுத்தது. "தம்பி, கண்ணால பார்த்தா தெரியாது, சோப்புத் தண்ணி சொல்லும்" என்றார். மூடிகளை ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டு, அடைப்பான் துளை வழியே தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் காற்று வெளியேறும் முனையை வைத்து மெல்ல ஊதினோம். டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரை ஒருபோதும் வைக்காதீர்கள், கலம் புடைத்துப் பிளந்துவிடும். பெயின்ட் தூரிகையால் சோப்பு நீரைத் தடவியதும், இருக்கைக்குப் பின்னாலிருந்த இரண்டு தூண்டில் தாங்கிகளின் விளிம்பிலும் வெள்ளை நுரை பொங்கி எழுந்தது. ஃபிஷ் ஃபைண்டரின் கம்பி நுழையும் துளையில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

தாங்கியைச் சுற்றியிருந்த சிலிக்கான் பசையை நகத்தால் கீறியபோது, பாலாடை போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. இத்தகைய கயாக்குகள் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுபவை. அதில் சிலிக்கான் பிடிப்பதே இல்லை. தாங்கிக்கும் தளத்துக்கும் நடுவே ரப்பர் வளையமோ பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவோ வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் இறுக்க வேண்டும். கை எட்டாத இடமென்றால், உட்புறம் மூன்றாக விரிந்து பிடிக்கும் கடல்வகை ரிவெட்டை (அடித்து இறுக்கும் ஆணியை)ப் போட வேண்டும். அவர்கள் போட்டிருந்தது வீட்டுத் தகரவேலைக்குரிய சாதாரண அலுமினிய ரிவெட்டு. ஒரே ஒரு கடல் பயணத்துக்குள் அதன் தலையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. போதாக்குறைக்கு, அந்தத் தாங்கிகள் அடிப்பகுதி திறந்தவை. தளத்துக்கு மேலே விழும் ஒவ்வொரு அலையும் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் போவதற்கே வழி செய்திருந்தார்கள். வாங்கும் முன் தாங்கிக்குள் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிற்காவிட்டால் அந்தக் கலம் வேண்டாம்.

என்னை மிகவும் நோகச் செய்தது அதற்குப் பிறகு கண்டதுதான். கலத்தின் அடியில், இருக்கைக்கு நேர் கீழே, கடையின் பெயர் அச்சிட்ட உள்ளங்கையளவு ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. அதன் ஓரத்திலும் குமிழ் வந்ததால் உரித்தோம். அடியில் வடிதுளையைச் சுற்றிய ஒரு விரிசல், சூட்டுக்கோலால் உருக்கித் தேய்த்து மறைக்கப்பட்டிருந்தது. வடிதுளைக்குள் கம்பி நுழைக்கும் வகைத் தள்ளுவண்டியில் சுமையோடு இழுக்கப்படும் கலங்களில் இப்படி விரிசல் விடுவதுண்டு. நான் தள்ளுவண்டி வாங்கவே இல்லை. அப்படியானால் புதியது என்று எனக்கு விற்கப்பட்டது, ஏற்கெனவே யாரோ ஓட்டி உடைத்த கலம்.

கடைக்குக் கொண்டுபோனபோது ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்ற சொல்லைக் காட்டினார்கள். உள்ளது உள்ளபடியே விற்றோம், பொறுப்பு எங்களுடையதன்று என்பது அதன் பொருள். வாக்குவாதத்துக்குப் பின் பழுது பார்த்துத் தந்தார்கள். மறுபடியும் சிலிக்கான். ஐந்து வாரத்தில் மறுபடியும் கசிவு. இம்முறை வீட்டு முற்றத்திலேயே சோதித்ததால் தப்பினேன்.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருள் குறையுடையதென்றால் ஆறு மாதத்துக்குள் கடையின் செலவிலேயே திருப்பித் தரலாம். பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாங்கியவரே. பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் குறை மீண்டும் தெரிந்தால், கடை மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டும் என்று 56ஆம் பிரிவு சொல்கிறது. இன்ன குறை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் அதை வெளிப்படையாக ஏற்றிருந்தாலன்றி, ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற ஒற்றைச் சொல் கடையைக் காப்பாற்றாது. கடையில் அல்லாமல் தனி ஆளிடம் பழைய கயாக் வாங்குவோருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது ரசீதில் "பொருத்துகூலி" என்று தனியாக ஒரு வரி இருந்ததுதான். துளைகளை நான் போட்டதாக அவர்கள் வாதிட முயன்றபோது அந்த வரி அவர்களை வாயடைத்தது. நீங்களும் பொருத்துகூலியைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் படங்களோடு முறையிட்டேன். நுகர்வோருக்கு அங்கே கட்டணம் இல்லை. அவரிடமிருந்து கடிதம் போனபின் கடை இறங்கி வந்து, ஃபிஷ் ஃபைண்டரையும் கூலியையும் கழித்துக்கொண்டு 11,200 ராண்டைத் திருப்பியது. முழுத் தொகைக்கும் உரிமை இருந்தும், அலைந்து களைத்துப்போய் ஒப்புக்கொண்டேன். நான் செய்த அந்த விட்டுக்கொடுத்தலை நீங்கள் செய்ய வேண்டாம்.

கலத்தை அவர்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம். இருக்கைக்குப் பின்னால் இடப்புறம் நான் சோப்புத் தடவியபோது தூரிகையின் தகரப்பட்டை உரசி விழுந்த, விரல் நீளக் கீறல் இருக்கும். டர்பன் வடக்கில் ஏதேனும் கடையில் அது புதியதென்று நிற்கக் கண்டால், குப்புறப் புரட்டி, அடியில் உள்ள ஒட்டுத்தாளை உரித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.